அண்ணன்தான் கொலைகாரன்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சொந்தக்காரர்கள் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். கல்யாண வீடோ துக்க வீடோ, எங்கே தலையைக் காட்டினாலும் "டிரைவரம்மா வந்தாச்சு" என்பார்கள். பெயரை வைத்தவர் பெரியப்பா. பாராட்டி வைத்த பெயர் அல்ல.

கணவனுடைய செருப்புக் கடை படுத்துக்கொண்ட வருடத்தில் அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். மற்ற வேலைகளில் ஆபத்து எப்போதாவது வரும். இந்த வேலையில் அது தினமும் குளித்து, பவுடர் பூசி, சொன்ன நேரத்துக்கு வந்து பக்கத்தில் உட்காரும். காலையிலிருந்து மாலைக்குள் நாலைந்து பேராவது அவளைக் கொல்லப் பார்ப்பார்கள். இறங்கும்போது அத்தனை பேரும் "இன்னைக்கு நல்லா ஓட்டினேன்ல மேடம்?" என்று கேட்பார்கள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருந்ததால்தான் அந்த நகரத்தில் பல குடும்பங்கள் இன்னும் முழுசாக இருந்தன என்பது அவளுடைய அபிப்பிராயம். அந்தக் குடும்பங்களுக்கு அது தெரியாது.

வேலையில் குறை சொல்ல முடியாது. வாய்தான் நீளம். முதல் பாடம் முடிவதற்குள் வந்தவருடைய தலையெழுத்தை முகத்துக்கு நேரே வாசித்துவிடுவாள். "உங்களுக்கு மூணாவது டெஸ்ட்லதான் லைசென்ஸ் கிடைக்கும்" என்பாள். மூன்றாவதில்தான் கிடைக்கும். அதற்காக அவளுக்கு நன்றி சொன்னவர் எவரும் இல்லை. கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம், அவர் மனைவி பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே, "நீங்க பஸ்ல போறதுதான் சார் எல்லாருக்கும் நல்லது" என்று சொன்ன அன்றைக்குப் பள்ளி முதலாளி அவளை வீட்டுக்கு அனுப்பினார். பிறகு பழைய கார் ஒன்றை வாங்கி, இரட்டைப் பிரேக் போட்டு, கூரையில் 'பயிற்சி வாகனம்' என்று மஞ்சள் பலகை மாட்டி, சொந்தமாகவே தொழிலை ஆரம்பித்தாள். கூட்டம் வந்தது. திட்டு வாங்கினாலும் லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று மக்களுக்கு ஒரு நம்பிக்கை.

பெரியப்பாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உடம்புக்குத்தான், வாய்க்குக் கொடுக்கவில்லை.

"நம்ம அப்பா யாரு? ஊர்ல தியேட்டரையே கையில வச்சிருந்தவர். அவர் மணி அடிக்காம படம் ஆரம்பிக்காது. அவர் கை படாம ஒருத்தன் உள்ள போக முடியாது. எப்பேர்ப்பட்ட பணக்காரனா இருந்தாலும் அவர் வெளிச்சம் காட்டினாத்தான் உட்கார இடம். அவரோட பேத்தி, ஊரான் பிள்ளைங்களுக்குக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக் குடுக்குது."

இதற்கு ஒரு இரண்டாம் பாகமும் உண்டு. "ஒரு நாள் போலீஸ் இன்ஸ்பெக்டரே வந்து அப்பா முன்னாடி நின்னார். அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அத்தனை கூட்டமும் கலைஞ்சு போச்சு. மறுநாளே ஊரை உதறிட்டு வந்துட்டார். தன்மானம்."

அந்த வார்த்தை என்ன என்று குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. அவளுடைய அப்பா கடைக்குட்டி. ஊரை விட்டுக் கிளம்பியபோது இடுப்பில் இருந்தவர். அண்ணன் தியேட்டர் கதையை எடுத்தாலே செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவார். மூத்தவளான அத்தைக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வரும். அப்பா இப்போது இல்லை. அத்தையின் இருமல் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு ஒரு நாள் திடீரென்று வேர்கள் ஞாபகம் வந்துவிட்டது. பூர்வீக வீட்டின் முன்னால் அப்பா நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்றான். உடனே பெரியப்பா அவளைக் கூப்பிட்டார்.

"நம்ம வீட்டுலயே ஒரு டிரைவர் இருக்கறப்ப வாடகைக் காரு எதுக்கு?"

அவள் குடும்பத்தின் பெருமையாக மாறிய முதல் தருணம் அது. ஞாயிற்றுக்கிழமை வேறு. மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அத்தை அவள் கையைப் பிடித்தாள். "நானும் வரேன். அவன் தனியாப் போனா ஊரையே மாத்தி வச்சிட்டு வந்துடுவான்."

காரைப் பார்த்ததும் பெரியப்பாவின் முகம் சுருங்கியது. "அந்தப் பலகையைக் கழட்டிடும்மா. நம்ம ஊருக்குள்ள இப்படியா போறது?"

"கழட்ட ஸ்பானர் இல்ல பெரியப்பா."

ஸ்பானர் இருக்கைக்கு அடியில்தான் இருந்தது.

குடும்பத் தலைவர் என்ற முறையில் அவர் முன்னால் உட்கார்ந்தார். அதாவது வாத்தியார் இருக்கையில், பிரேக்குக்கு நேர் மேலே. "அதுல மட்டும் காலை வச்சிடாதீங்க" என்று அவள் சொன்னாள். சொன்னதுதான் தப்பு. முதல் லாரி எதிரே வந்ததும் மிதித்தார். அதற்குப் பிறகு மாடு, சைக்கிள், வேகத்தடை, சாலையோரம் காய்ந்த சேலை என்று பிரேக்குக்கு ஓய்வே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அத்தைக்கு ஒவ்வொரு தடவையும் நெற்றி முன் இருக்கையில் முட்டியது. "இவனுக்கு ஆபீஸ்லயும் இதான் வேலை. வர்ற ஃபைலையெல்லாம் நிறுத்தி வைக்கிறது" என்றாள்.

ஊர் வந்தது. கடைவீதியின் நடுவில் நாலு தெரு கூடும் இடத்தில், வண்டிகள் தேனீ மாதிரி சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பெரியப்பா "அதோ" என்று சொல்லி இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். கார் அங்கேயே சமாதியாகி நின்றது. நாலு பக்கமும் ஹாரன் அலறியது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, பலகையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த வயசுல அவருக்கு எதுக்கு டிரைவிங்?" என்று பரிவோடு கேட்டார். நாம் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார் பெரியப்பா. ஊர் திரும்பித்தான் பார்த்தது.

"அதோ, தூண் வச்ச வீடு. நம்ம வீடு" என்றார்.

தூண்கள் இருந்தன. தூணுக்குத் தூண் வெள்ளைப் பெயின்ட் அடித்து, நடுவில் ஆளுயரத்துக்குச் சிரிக்கிற வாய் ஒன்றை வரைந்து, 'பல் மருத்துவமனை' என்று பலகை வைத்திருந்தார்கள். அவள் காரைப் பக்கத்துக் கட்டண வாகன நிறுத்தத்தில் விட்டுவிட்டு வருவதற்குள் பெரியப்பா முதல் தூணைக் கட்டிப் பிடித்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அத்தை கொஞ்சம் தள்ளி நின்று, தெரியாதவர் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவள் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணீரோடு ஒரு கிழவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றால் பல் மருத்துவமனைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? வரவேற்பில் இருந்த பெண் ஓடி வந்து கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள்.

"ரொம்ப வலியா சார்?"

"வலி இல்லம்மா. இது எங்க வீடு."

"இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?"

"பிறந்ததே இங்கதான்."

"அப்ப பழைய பேஷண்ட்" என்று அவள் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

பெரியப்பா நேரே முன்னறைக் கதவை நோக்கி நடந்தார். தான் பிறந்த அறை அதுதான் என்றார். அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள். "உள்ள டாக்டர் இருக்காங்க. டோக்கன் இல்லாம யாரையும் விட மாட்டோம்."

"நான் யாரு தெரியுமா?"

"யாரா இருந்தாலும் டோக்கன் வேணும் சார்."

அத்தை சட்டென்று சிரித்துவிட்டாள். "எங்கப்பா இருந்தா இந்தப் பொண்ணுக்குக் கை குடுத்திருப்பாரு" என்றாள். எதற்கு என்று டிரைவரம்மாவுக்கு விளங்கவில்லை.

பெரியப்பா டோக்கன் வாங்கினார். பிறந்த அறையைப் பார்க்க வேறு வழியில்லை. முறை வந்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்ததால் பேச்சு வெளியே கேட்டது.

"எங்க வலிக்குது?" என்றாள் டாக்டர்.

"நெஞ்சுல."

"பல்லுல எங்கன்னு சொல்லுங்க. ஆ காட்டுங்க."

காட்டியிருப்பார் போலிருக்கிறது. "அடடா, கடைவாயில இவ்வளவு பெரிய சொத்தையை வச்சுக்கிட்டு எப்படி சார் இருக்கீங்க? இன்னைக்கே எடுத்துடலாம்" என்று கேட்டது. கதவு மூடிக்கொண்டது. பூர்வீகச் சொத்தைப் பார்க்க வந்த மனிதர் பூர்வீகச் சொத்தையைப் பறிகொடுக்கத் தயாரானார்.

காத்திருக்கும் கூடத்தில் அவர்களைத் தவிர இன்னொருவர்தான் இருந்தார். பொக்கை வாய். புதுப் பல் செட்டு அளவு பார்க்க வந்தவர். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே பேக்கரி வைத்து, ஊரின் பாதிப் பற்களைக் கேக்கால் கெடுத்து, கடைசியில் தன் பற்களையும் அதற்கே கொடுத்தவர். பல் இல்லாததால் அவர் பேச்சில் பாதி காற்று. படிக்கிறவர்கள் பாவம் என்று இங்கே பல்லோடு எழுதப்படுகிறது.

"அழுதுக்கிட்டே போனாரே, உங்க வீட்டுக்காரரா?" என்று அத்தையைக் கேட்டார்.

"தம்பி" என்றாள் அத்தை.

டிரைவரம்மா விளக்கம் சொன்னாள். "இது எங்க தாத்தா வீடு. அதான் பெரியப்பா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டார்."

பேக்கரிக்காரர் நெற்றியைச் சுருக்கினார். "இது தியேட்டர் முதலாளி வீடாச்சே. அவருக்குப் பிள்ளை குட்டியே கிடையாதே."

"தியேட்டரே எங்க தாத்தா கையிலதான் இருந்ததாம்."

சொல்லும்போதே அவளுக்குத் தன் குரல் பெரியப்பாவின் குரல் மாதிரி இருப்பது உறைத்தது. அத்தைக்கு இருமல் வந்தது. இருமி முடித்தாள். என்ன தோன்றியதோ, சுவரில் மாட்டியிருந்த ராட்சசக் கடைவாய்ப் பல் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கேட்டுல நின்னு டிக்கெட் கிழிச்சவர்."

பேக்கரிக்காரர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "யாரு? கிளைமாக்ஸா?"

"ஆமா."

"நீ கிளைமாக்ஸ் மகளா?"

"ஆமாங்கறேன்ல."

அவர் எழுந்து நின்றுவிட்டார். அறுபது வருடத்துக்கு மேல் ஊறிய கோபம். ஊறுகாய் கூட அத்தனை நாள் தாங்காது.

அவர் சொன்னதும் அத்தை இடையிடையே திருத்தியதும் சேர்ந்து இப்படி வந்தது. தாத்தா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர். மணி அடிப்பதும் அவர்தான். விளக்கு அணைந்த பிறகு வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவதும் அவர்தான். யார் வம்புக்கும் போக மாட்டார். ஆனால் வரிசையில் முண்டினால், அதட்டிப் பேசினால், 'நான் யாரு தெரியுமா' என்று கேட்டால், பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து, காதோடு படத்தின் முடிவைச் சொல்லி அனுப்பிவிடுவார். "கடைசியில அம்மா செத்துடுவா. போங்க." அவ்வளவுதான். அந்த மனிதர் உள்ளே உட்கார்ந்து மூன்று மணி நேரம் வேக வேண்டியதுதான். ஊர் அவருக்குக் 'கிளைமாக்ஸ்' என்று பெயர் வைத்தது. பெரிய மனிதர்கள் கூட அவரிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

பிறகு ஒரு மர்மப் படம் வந்தது. கொலைகாரன் யார் என்று ஊரெல்லாம் பேச்சு. முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசை கடைவீதி வரைக்கும் நீண்டது. இன்ஸ்பெக்டர் தன் மனைவி, மச்சினன், மச்சினன் பிள்ளைகள் என்று ஒரு படையோடு டிக்கெட் இல்லாமல் நுழையப் பார்த்தார். தாத்தா தடுத்தார். இன்ஸ்பெக்டர் அவரைச் சட்டையைப் பிடித்துத் தள்ளினார். தாத்தா சட்டையைச் சரிசெய்துகொண்டு, இந்தத் தடவை காதோடு சொல்லாமல், கடைவீதி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தாராளமா போங்க சார். அண்ணன்தான் கொலைகாரன்."

"நான் வரிசையில முன்னாடி நின்னேன்" என்றார் பேக்கரிக்காரர். "வீட்டுல அழுது புரண்டு அனுமதி வாங்கி வந்திருந்தேன். பாதிக் கூட்டம் திட்டிக்கிட்டே வீட்டுக்குப் போயிடுச்சு. நானும் போயிட்டேன். முடிவு தெரிஞ்சப்புறம் என்ன பார்க்கறது? அந்தப் படத்தை இன்னைக்கு வரைக்கும் நான் பார்க்கல. அதைப் பத்தி யாரையும் என் முன்னாடி பேச விட்டதும் இல்ல."

மறுநாள் முதலாளி தாத்தாவை வேலையை விட்டு அனுப்பினார். குடியிருந்த அறையும் முதலாளியுடையது என்பதால் அதையும் விட வேண்டியதாயிற்று.

டிரைவரம்மா பெரியப்பாவின் வாசகங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். மணி அடிக்காமல் படம் ஆரம்பிக்காது. கை படாமல் உள்ளே போக முடியாது. வெளிச்சம் காட்டினால்தான் இடம். ஒரே ஒரு வார்த்தை, அத்தனை கூட்டமும் கலைந்தது. இத்தனை வருடமும் பெரியப்பா தியேட்டர் கதையில் ஒரு பொய் கூடச் சொல்லவில்லை. இந்த நேர்த்தியை நினைத்தால் அவளுக்குக் கோபத்தைவிடப் பொறாமைதான் வந்தது. கிளட்ச் மிதிக்கச் சொல்லிக் கொடுப்பதையும் இந்த மாதிரி யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அவளும் 'ஊரையே நகர வைப்பவள்' ஆகியிருப்பாள்.

"நீங்க ஏன் அத்தை இத்தனை நாளா சொல்லல?"

"என்னை ஸ்கூல்ல 'கிளைமாக்ஸ் பொண்ணு'ன்னு கூப்பிடுவாங்க. இந்த ஊரை விட்டுப் போனப்ப என்னைவிட சந்தோஷப்பட்டவங்க யாரும் இல்ல. அப்புறம் அவன் இப்படி ஒரு கதையைக் கட்டினான். கேட்க நல்லாத்தானே இருந்தது." அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் வாய் எங்கேருந்து வந்ததுன்னு நெனச்சே? ஒவ்வொரு தடவையும் உன் வாயால உனக்கு வேலை போறப்பவெல்லாம் எனக்கு எங்கப்பா ஞாபகம்தான் வரும்."

ஒரே ஒரு தடவைதான் வேலை போனது என்று திருத்த நினைத்தாள். விட்டுவிட்டாள். தாத்தா என்றால் இதுவரைக்கும் அவளுக்கு ஒரு பெரிய மீசை, அதற்குப் பின்னால் ஒரு பெரிய கட்டடம், அவ்வளவுதான். இப்போது முதல்முறையாக, வாசலில் நின்று நின்று கால் வலித்த ஒரு மனிதர் கண்ணுக்குத் தெரிந்தார். பார்க்கப் பார்க்க அவரைப் பிடித்துப் போயிற்று.

பேக்கரிக்காரரைச் சமாதானப்படுத்துவது குடும்பத்தின் கடமை என்று பட்டது. போனை எடுத்தாள். "தாத்தா, அந்தப் படம் இப்ப இதுலயே கிடைக்கும். போட்டுத் தரட்டுமா?"

"அண்ணன்தான்னு தெரிஞ்சப்புறம் அதுல என்ன இருக்கு?"

"அண்ணன் இல்ல" என்றாள் அத்தை.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"முதல் நாள் முதல் காட்சி. படப்பெட்டியே அன்னைக்குக் காலையிலதான் வந்துச்சு. எங்கப்பாவுக்கு முடிவு எப்படித் தெரியும்? எந்தப் படத்துக்கும் அவருக்கு முடிவு தெரியாது. கடைசி ரீல் ஓடறப்ப அவர் வெளியில சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கிட்டு நிப்பாரு. எல்லாம் அவரா அடிச்சு விடறதுதான். ஏமாந்தவன் எவன் வெளிய சொல்வான்?"

வாழ்நாள் முழுக்க ஒரு படத்தைப் பார்க்காமல் இருந்ததற்குக் காரணம் வெறும் வாய்ப்பந்தல் என்றால் மனிதன் என்ன செய்வான்? ஆனால் மெல்ல மெல்ல பேக்கரிக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப அண்ணன் இல்லையா? அப்ப இன்னும் முடிவு எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. அதான் சொல்றேனே" என்றாள் அத்தை தாராளமாக. "நான் கல்யாணத்துக்கப்புறம் வேற ஊர்ல பார்த்தேன். கொலைகாரன் அதுல வர்ற டாக்டர்."

"அப்பனும் மகளும் சேர்ந்து என்னை..." என்று ஆரம்பித்த பேக்கரிக்காரர் முடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். காலம் கடந்த பிறகு.

அந்த நேரத்தில் கதவு திறந்து பெரியப்பா வெளியே வந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. பின்னாலேயே டாக்டர். "பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருக்கணும். பேசவே கூடாது. தையல் போட்டிருக்கேன், அடுத்த வாரம் பிரிக்கணும்." பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இத்தனை கச்சிதமாக அது பலித்த இடம் வேறு இருக்காது.

பேக்கரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவன்தானே இடைவேளையில வேர்க்கடலை வித்தவன்? பாதி சொத்தைக் கடலை."

பெரியப்பாவின் கண்கள் அகன்றன. அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினாள். தம்பி மகளைப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள். "சின்ன வயசுலயே நான் தியேட்டருக்குள்ள வியாபாரம் பார்த்தவன்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு வாசகம். அதுவும் உண்மை. அவர் ஏதோ சொல்ல முயன்றார். பஞ்சுதான் அசைந்தது.

"அப்புறம் ஒண்ணுடா" என்றாள் அத்தை. "நீ பிறந்தது அந்த ரூம்ல இல்ல. அது முதலாளியோட வரவேற்பு ஹால். நாம இருந்தது பின்பக்கம், அதோ."

அவள் கை காட்டிய இடத்தில், சிமென்ட் முற்றத்தைத் தாண்டி, ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம். கதவில் 'கழிப்பறை' என்று எழுதியிருந்தது.

மூவரும் போய்ப் பார்த்தார்கள். நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அத்தை வாசலிலேயே நின்று, அடுப்பு இருந்த மூலை, தண்ணீர்ப் பானை இருந்த மூலை, படுக்கும் வரிசை என்று விரலால் காற்றில் காட்டினாள். "அஞ்சு பேரு. அப்பா காலை நீட்டினா கதவைத் திறக்க முடியாது." பெரியப்பா அசையாமல் நின்று பார்த்தார். இந்தத் தடவை அவருக்கு அழுகை வரவில்லை. பின்னால் வந்த வரவேற்புப் பெண், "சார், ஆண்களுக்கு அந்தப் பக்கம்" என்றாள்.

படம் எடுத்தாகிவிட்டது. தூணுக்கு முன்னால்தான். வீங்கிய கன்னம் தெரியாமல் ஒரு பக்கமாகத் திரும்பி, வாயை மூடிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மகன் பார்த்துவிட்டு, அப்பா முகத்தில் என்ன ஒரு கம்பீரம் என்று எழுதியிருந்தான்.

காரை எடுக்கப் போனபோது அத்தை சுற்றுமுற்றும் பார்த்து, "இதுதாண்டி தியேட்டர் இருந்த இடம்" என்றாள். தரையில் வெள்ளைக் கோடுகள், வரிசையாகக் கார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வந்து சீட்டை வாங்கி, குறுக்கே கிழித்து, பாதியைப் பெரியப்பா கையில் கொடுத்தான். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டிருக்கலாம். ஆனால் வாயில் பஞ்சு.

திரும்பும் வழியில் அவர் பின்னால் உட்கார்ந்தார். முன்னால் அத்தை. ஒரு தடவை கூடப் பிரேக் விழவில்லை. பாதி வழியில் டீக்கடையில் நிறுத்தினார்கள். அவருக்குச் சூடு ஆகாது என்பதால் பால் ஆறும்வரை காத்திருந்தார். மரப்பு விட்டு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவர் முதலில் சொன்னது அத்தைக்கு ஞாபகமறதி என்பதுதான். அடுத்ததை, அத்தை கை கழுவப் போனதும் டிரைவரம்மாவிடம் சொன்னார்.

"கேட்டுல நின்னவன் பிள்ளைன்னு சொல்லியிருந்தா அந்த ஆபீஸ்ல என்னை நாற்காலியில உட்கார விட்டிருப்பாங்களா? நீ சொல்லு."

"அது ஆபீஸுக்கு சரி பெரியப்பா. என்கிட்ட எதுக்கு?"

அவர் பாலை ஊதினார். ஆறிப்போன பாலை.

"சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு" என்றார்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. எத்தனையோ வருடமாக வாங்கிய பேச்சுக்கெல்லாம் திருப்பிக் கொடுக்க அன்றைக்கு அவளிடம் மூட்டை மூட்டையாகச் சரக்கு இருந்தது. கன்னம் வீங்கின ஆளிடம் இறக்கி வைக்க மனசு வரவில்லை. வீக்கம் வடியட்டும் என்று விட்டாள்.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. மகன். "போனதுமே அடையாளம் கண்டுபிடிச்சு ஓடி வந்து கையைப் பிடிச்சு உள்ள கூட்டிப்போனாங்கடா. இப்ப நம்ம வீட்டுல பெரிய டாக்டர் இருக்காங்க. என்னைப் பெரிய நாற்காலியில சாய்ச்சு உட்கார வச்சிட்டாங்க. என்னால வாயே பேச முடியல" என்றார். எல்லாம் உண்மை.

தையலை உள்ளூரிலேயே பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நம்ம டாக்டர் இருக்கும்போது வேறு இடம் எதற்கு என்றார் பெரியப்பா. ஆயுசு முழுக்க எட்டிப் பார்க்காத ஊருக்கு ஒரே வாரத்தில் இரண்டாவது பயணம். இந்தத் தடவை பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. தெருமுனையில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது, "தம்பி மகளோட வண்டி. சொந்தமா ஸ்கூல் நடத்துது" என்றார். அதுவும் உண்மை. அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. குளிர்ந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மருத்துவமனையில் பேக்கரிக்காரர் புதுப் பற்களோடு உட்கார்ந்திருந்தார். வாய் நிறையச் சிரிப்பு.

"படம் பார்த்துட்டேன்" என்றார். "பேரன் போட்டுக் குடுத்தான். அண்ணனும் இல்ல, டாக்டரும் இல்ல."

அத்தை நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "பின்ன யாரு?"

அவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பல்லாகத் தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "போய்ப் பாருங்க."

எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. பெரியப்பா கூடக் கேட்டுப் பார்த்தார். தையல் பிரித்த டாக்டருக்கும் ஆவல் தாங்கவில்லை. அந்த மனிதர் அசையவில்லை. இத்தனை வருடக் கடனை அசலும் வட்டியுமாக வசூலித்துக்கொண்டு எழுந்து போனார்.

டிரைவரம்மா அன்று மாலையே படத்தைத் தேடி எடுத்து அத்தை முன்னால் போனைச் சாய்த்து வைத்தாள். அத்தை அதைத் திருப்பிக் குப்புற வைத்தாள்.

"எனக்கு எதுக்கு? நான் பார்த்த படம்தானே. டாக்டர்தான்."

"அவர் இல்லைன்னாரே அத்தை."

"அந்த ஆளுக்குப் பல்லுதான் புதுசு. கண்ணு பழசுதானே?"